ஊருக்கு ஒரு சர்வர்

காஞ்சிப் பட்டு நெசவாளியின் கடை இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. அதன் சாவி மட்டும் அவரிடம் இல்லை. அந்தச் சாவியைக் கைக்குக் கொண்டுவரும் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. கற்றுத்தரும் ஆட்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.

சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம் திருமுக்கூடல். பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. தை மாதப் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் ஊர் என்றால் இந்தப் பக்கத்து மக்களுக்குச் சட்டென்று தெரியும். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை, அவர்கள் தங்க விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஆகியவற்றுக்கான செலவுத் திட்டம் அதில் இருக்கிறது. ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை (அறுவைச் சிகிச்சை) செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். யாருக்கு எத்தனை கலம் நெல், யாருக்கு எத்தனை காசு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசா ஹரீதகி, கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் என்று நீள்கிறது அது.

இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சோழர் கால மருத்துவத்தின் பெருமையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். எனக்கு அதில் இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. இந்தக் கணக்கு எந்த அதிகாரியின் பெட்டியிலும் பூட்டி வைக்கப்படவில்லை. ஊர் வந்து போகிற கோயிலில், சுவரில் இருக்கிறது. எழுத்தறிந்த எவரும் படிக்கலாம், படி எடுக்கலாம். பிற்காலத்தில் கே.வி. சுப்ரமணிய ஐயர் அதைப் படித்து ‘எபிகிராபியா இண்டிகா’வில் பதிப்பித்தார். சோழ அரசு போய் ஏழு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எழுதிவைத்தது நம்மிடம் இருக்கிறது.

இணையத்தில் நாம் எழுதியது அப்படி நிற்கவில்லை. 2024 ஜூலையில் ‘கூ’ என்ற சமூக ஊடகத் தளம் மூடப்பட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எழுதலாம் என்று நம்பிப் போனவர்கள் ஏராளம். வேறு நிறுவனங்களோடு நடந்த பேச்சு கைகூடவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள். இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசிய இடங்கள் யாஹூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று ஒவ்வொன்றும் ஒரு திண்ணை. இன்று பேர் சொல்லும் எழுத்தாளர்கள் பலர் முதலில் எழுதிப் பழகியது அங்கேதான். 2019 இறுதியில் அந்தக் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. ஆர்வலர்கள் அள்ளியது போக மிச்சம் போனது போனதுதான். அதே 2020-இல், ஜூன் கடைசியில், அரசு தடை செய்ததும் டிக்டாக் போனது. அதில் ஆடிப் பாடிப் பெயர் வாங்கியிருந்த கிராமத்துப் பிள்ளைகள், பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதையும் ஒரே இரவில் இழந்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்தக் கூட்டத்தின் முகவரிப் பட்டியல் அந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் இருந்ததில்லை என்பதே இங்கே விஷயம்.

பிள்ளையார்பாளையத்துக் கடை

காஞ்சிபுரத்தில் ஒரு கோர்வைச் சேலை தறியை விட்டு இறங்குவது லேசான காரியம் இல்லை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓட்ட வேண்டும். கரை நாடாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். முந்தியை வேறு நிறத்தில் சேர்க்கும் பேட்னி வேலைக்குப் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஒரு குடும்பமே உட்கார்ந்து செய்யும் வேலை.

இறங்கிய சேலை போகும் வழி மாறியிருக்கிறது. சங்கத்துக்கோ மாஸ்டர் வீவருக்கோ கடைக்கோ போவது இன்றும் உண்டு. அதோடு, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வீட்டு வாசல் வெளிச்சத்தில் சேலையை விரித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் இன்ஸ்டாகிராமில் ரீல் போடுவதும் அன்றாட வியாபாரம் ஆகிவிட்டது. வீட்டுப் பெண்களும் படித்த பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் நேராக விலை கேட்கிறார்கள். இடைத்தரகர் ஒருவர் குறைகிறார். இது நல்ல மாற்றம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இந்தக் கடையில் நெசவாளிக்குச் சொந்தமானது என்ன? வாடிக்கையாளர் பட்டியல் செயலிக்குள் இருக்கிறது. நல்ல படம் போட்டாலும் யாருக்குக் காட்டுவது, எத்தனை பேருக்குக் காட்டுவது என்று நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்கிறது. நேற்றுவரை பத்தாயிரம் பேர் பார்த்த பக்கத்தை இன்று முந்நூறு பேர் பார்த்தால் காரணம் சொல்ல ஆள் கிடையாது. கணக்கு முடங்கினால் முறையிட ஒரு படிவம் உண்டு, பேச ஒரு மனிதர் இல்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பவருக்கு விளம்பரக் காசு இருந்தால் அவருடைய படம் மேலே வரும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். அந்தப் பெயர் ஊரின் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெயரைப் போட்டு வியாபாரம் நடக்கிற சந்தையில் மட்டும் ஊருக்கு ஒரு பிடியும் இல்லை.

ஒரு தொழில் இப்படி முழுக்க முழுக்க வாடகை இடத்தில் நடப்பது ஆபத்து. வாடகைக்காரனுக்கு உள்ள ஒப்பந்தம்கூட இங்கே இல்லை.

அட்டையில் இருக்கும் ஓட்டை

நெசவுக்கும் கணினிக்கும் உள்ள உறவை வகுப்பறையில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். 1804-இல் பிரான்சின் ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார். அந்த அட்டையைப் பார்த்து சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹொலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். இவ்வளவுதான் பாடம்.

தறிக்கு முன்னால் நின்று பார்த்தால் இன்னும் ஒன்று தெரியும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே எழும், அந்தப் பாவு இழை தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். தொழில் தெரிந்தவர் அட்டைக் கோவையைக் கையில் வாங்கிப் பார்த்தே இது மயிலா, அன்னமா, இருதலைப்பட்சியா என்று சொல்ல முடியும். ஓர் அட்டை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக அடித்துக் கோத்துவிடலாம். எந்தப் பட்டறையில் அடித்த அட்டையானாலும் அதே அளவுள்ள வேறு தறியில் மாட்டலாம். யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம். எந்திரம் என்ன செய்யப்போகிறது என்பது அதை ஓட்டுகிறவரின் கண்ணுக்கு முன்னால், அவர் திருத்தக்கூடிய வடிவில் இருந்தது.

இன்று டிசைனைக் கணினியில் வரைந்து அட்டை அடிக்கிறார்கள். மின்னணு ஜக்கார்டில் அட்டையே கிடையாது, கோப்பு மட்டும்தான். வேலை பல மடங்கு வேகமாகியிருக்கிறது. அந்தக் கோப்பு எந்த மென்பொருளில் உருவானதோ அதில் மட்டும் திறக்கும் என்றால் அங்கே சிக்கல் தொடங்குகிறது. மென்பொருளின் உரிமம் முடிந்தாலோ, விற்றவர் கடையை மூடினாலோ, பத்து வருடம் வரைந்து சேர்த்த புட்டாவும் கரையும் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். இதை உலகத்து நெசவாளிகள் முன்பே உணர்ந்தார்கள். 1990-களிலேயே ‘விஃப்’ என்ற பொதுக் கோப்பு வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். வெறும் எழுத்துக் கோப்பு அது. எந்த நெசவு மென்பொருளும் படிக்கலாம், மனிதரும் படிக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த ‘அடாகேட்’ நெசவு வரைவு மென்பொருளின் மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வையும் பேட்னியும் தெரிந்த ஒரு நிரலாளர் உட்கார்ந்தால் நம் ஊர்த் தறிக்கு ஏற்றபடி அப்படியொன்றை மாற்றியமைக்கலாம். அதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆள்தான் வேண்டும்.

சங்கம் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்

கட்டற்ற மென்பொருளின் அடிப்படை எளிது. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் ஓட்டலாம், எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அடுத்த வருடமே அதைக் குனு பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசி அதன் மேல்தான் ஓடுகிறது.

மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. வாட்ஸ்அப்பே அதற்குச் சாட்சி. அது தொடக்கத்தில் ‘இஜாபர்டி’ என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்து, ‘எக்ஸ்எம்பிபி’ என்ற பொது நெறிமுறையை மாற்றிக் கட்டப்பட்டது. எக்ஸ்எம்பிபி-இல் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் இருப்பவரோடு பேசலாம். வாட்ஸ்அப் அந்தக் கதவை வைக்கவேயில்லை. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2006-இல் அந்தக் கதவைத் திறந்தது. அதன் இடத்தில் 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் அதை மூடத் தொடங்கியது. விதை பொதுவில் எடுத்தது, விளைச்சலுக்கு வேலி.

கூட்டமைப்புத் தளங்கள் இந்த வேலியைத்தான் குறிவைக்கின்றன. இதைப் புரியவைக்க நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உறுப்பினர் பதிவேடு, தனிக் கணக்கு, தனிப் பொதுக்குழு. ஒரு சங்கத்துக்கு இன்னொரு சங்கம் எஜமான் கிடையாது. தமிழ்நாடு முழுவதும் இப்படிப் பரவியிருக்கும் சங்கங்களின் தலைமை அமைப்பாக 1935-இலிருந்து கோ-ஆப்டெக்ஸ் நிற்கிறது. சங்கத்தில் நெய்த சேலை கோ-ஆப்டெக்ஸ் கடையில் விற்கும். அதற்காகச் சங்கம் தன் பெயரையோ பதிவேட்டையோ கொடுத்துவிட வேண்டியதில்லை. ஒரு சங்கம் நொடித்தாலும் மற்றவை நடக்கும்.

மாஸ்டடான் என்ற சமூக ஊடகம் இப்படித்தான் நடக்கிறது. ஜெர்மனியில் ஒய்கன் ராஹ்கோ 2016-இல் தொடங்கியது. அதற்கென்று ஒற்றைத் தளம் கிடையாது. மென்பொருளை யாரும் இறக்கித் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஒரு கல்லூரி நிறுவலாம், ஒரு நெசவாளர் சங்கம் நிறுவலாம், நான்கு நண்பர்கள் சேர்ந்தும் நிறுவலாம். அங்கே என்ன பேசலாம், யாரை வெளியேற்றுவது என்பதை அந்தந்த சர்வரை நடத்துகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆனால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம், மின்னஞ்சலைப் போல. இதற்கான பொது நெறிமுறை ‘ஆக்டிவிட்டிபப்’. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜனவரியில் அதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. படத்துக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப் என்று அதே நெறிமுறையில் வேறு மென்பொருள்களும் பேசிக்கொள்கின்றன. வேர்ட்பிரஸில் தளம் வைத்திருப்பவர் ஒரு செருகுநிரலைச் சேர்த்தால் அவருடைய தளமே இந்த வலையில் ஒரு முகவரி ஆகிவிடும். எழுதுவது அவருடைய வீட்டில் இருக்கும், வாசிப்பவர் எங்கிருந்தும் வாசிக்கலாம்.

தமிழில் இதன் சாயல் முன்பே இருந்தது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, அவரவர் வலைப்பதிவில் எழுதியதைச் செய்தியோடை வழியாக வாங்கி ஒரே பக்கத்தில் காட்டியது. எழுத்து எழுதியவரிடமே இருந்தது. ஒரு மொழிச் சமூகம் தன் முற்றத்தைத் தானே கட்டிக்கொண்ட காலம் அது. பிறகு எல்லாரும் முகநூலுக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

காஞ்சிபுரத்தில் ‘காஞ்சி லினக்ஸ் பயனர் குழு’ என்று ஒன்று இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தறிக்கும் கோயிலுக்கும் பெயர்போன ஊரில், கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசவும் கற்கவும் கற்பிக்கவும் கூடும் குழு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இணையவழியில் கூடுகிறார்கள். கூடும் இடமும் ‘ஜிட்சி’ என்ற திறந்த மூலக் காணொளி மென்பொருள்தான். கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை, இணைப்பைத் திறந்தால் உள்ளே போகலாம். கல்லூரி மாணவர் வருகிறார், வேலையில் இருப்பவர் வருகிறார். என் மடிக்கணினியில் லினக்ஸ் ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால் தெரிந்தவர் பொறுமையாக வழி சொல்கிறார். கேள்வி கேட்கவே தகுதி வேண்டும் என்ற பயமில்லாத இடம் கிராமப்புறத்து மாணவருக்கு எவ்வளவு பெரியது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழு தனியாக முளைத்தது இல்லை. சென்னையில் 1990-களின் கடைசியிலிருந்து லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடிக்கூடி ஒரு தலைமுறையை உருவாக்கியது அது. தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கல்லூரிகளுக்குள் போனது. விழுப்புரத்துக் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறது. 2023 ஜனவரியில் டெபியன் இயங்குதளத்தின் சிறு மாநாடு ஒன்று விழுப்புரத்தில் நடந்தது. உலகத்து சர்வர்கள் பலவற்றைத் தாங்கும் ஒரு மென்பொருளின் ஆக்கத்தைப் பற்றிப் பேசச் சென்னைக்குப் போகாமல் விழுப்புரத்தில் கூடினார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மொழி விஷயத்தில் இவர்களுடைய பங்கு இன்னும் பெரிது. 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக் காட்டியது. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கண்டு மிரண்ட பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன. அடுத்து வந்தது ‘ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்’. எழுத்தாளர் தாமே முன்வந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கும் நூல்களை எவரும் இறக்கிப் படிக்கலாம், பகிரலாம். நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்களைத் தமிழ் விக்கிமூலத்துக்குக் கொண்டுவந்தபோது, படத்தை எழுத்தாக்கப் பயன்பட்ட நிரலும் சீனிவாசன் எழுதித் திறந்து வைத்ததுதான். இவற்றுக்கு முன்னோடி, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். இலங்கைத் தமிழரின் ‘நூலகம்’ 2005-இலிருந்து ஆவணங்களைச் சேர்த்து எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. போரில் நூல்களை இழந்த சமூகம், படிகள் பல இடங்களில் இருப்பதன் அருமையை அறிந்தே அதைச் செய்கிறது.

அரசும் இந்தப் பாதையில் சில அடி வைத்தது. 2006-07 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார். 2007-இல் மத்திய அரசின் சென்னை சி-டாக் மையம் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. தொடர்ச்சி இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கேரளம் பள்ளிக்கூடங்களில் விடாப்பிடியாக நின்றது, அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை தகவல் தொழில்நுட்பத் தேர்வை லினக்ஸில்தான் எழுதுகிறது. நாம் ஏன் நடுவில் விட்டோம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிராவ் என்ன சொல்கிறது

இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் சிலர் 2022-இல் ‘பிராவ்’ என்ற அரட்டைச் செயலியை வெளியிட்டார்கள். எக்ஸ்எம்பிபி-இல் இயங்குவது. கைபேசி எண்ணைக் கொடுத்துச் சேரலாம், வேறு எக்ஸ்எம்பிபி சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். இதில் தொழில்நுட்பத்தைவிட என்னைக் கவர்ந்தது அதன் அமைப்பு. பயன்படுத்துகிறவர்களே பங்கு வாங்கி உறுப்பினர்களாகி, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று கூட்டுறவுச் சங்கமாக அதை நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். தனியுரிமை விதியை மாற்றுவதானால் உறுப்பினர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் இதை விளக்கத் தனிக் கூட்டம் போட வேண்டியதில்லை. சங்கத்துத் தேர்தலையும் போனஸையும் தள்ளுபடிப் பாக்கியையும் பேசிப் பழகிய ஊர் இது.

சங்கங்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் சங்கம் கிடந்த காலங்களை நெசவாளிகள் மறக்கவில்லை. கட்சிக்காரர் கைக்குப் போன சங்கங்களும் உண்டு. உறுப்பினர் அக்கறை இல்லாமல் விட்டால் கூட்டுறவு கெடும். சர்வரும் அப்படித்தான் கெடும்.

மாற்று இடத்துக்குப் போனவர்கள் அங்கே தங்குவார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் அது தெரிந்தது. மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதைக் கண்டித்து இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள். தமிழர்களும் போனார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோதும் அலை வந்தது, கொஞ்சம் தங்கியது, மிச்சம் வடிந்தது. காரணம் புரியாதது இல்லை. சொந்தக்காரர், வாடிக்கையாளர், எதிராளி எல்லாரும் இருக்கிற இடத்தை விட்டு ஒருவர் மட்டும் போக முடியாது. கோபத்தில் கிளம்புகிறவர் கோபம் தணிந்ததும் திரும்புவார். அங்கே அவருக்கு ஒரு வேலை, ஒரு வியாபாரம் இருந்தால் தங்குவார்.

நெறிமுறை பொதுவாக இருந்தாலும் கூட்டம் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்க முடியாது என்பதையும் பார்க்கிறோம். யுபிஐ அதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம். எந்த வங்கியிலிருந்தும் எந்தச் செயலியிலிருந்தும் பணம் அனுப்பலாம். இந்தியா பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனாலும் போன்பே, கூகுள்பே இரண்டிலும் சேர்த்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பரிமாற்றம் நடந்தது. ஒரு செயலிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு என்ற விதி தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. 2021 இறுதியில் உருவான ஓஎன்டிசி வணிக வலைப்பின்னலும் பொது நெறிமுறையில் நடப்பதுதான். 2022-இல் அதன் முன்னோட்டம் நடந்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் பட்டியலிட்ட சேலையை இன்னொரு செயலியில் வாங்கலாம். நெசவாளர் சங்கங்கள் அதில் சேர்வது நல்லது. ஆனால் அங்கும் பட்டியலைத் தயாரித்துத் தருகிற இடைநிலை நிறுவனத்திடம் தரவு மொத்தத்தையும் விட்டுவிட்டால் பழைய கதைதான்.

நடத்துகிறவர்களின் சுமையையும் பேசியாக வேண்டும். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்தது தெரிய வந்தது. உலகத்து லினக்ஸ் கணினிகள் பலவும் நம்பியிருந்த அதைப் பல வருடம் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒரே ஒருவர். களைத்துப்போன அவரிடம் உதவி செய்வதாகச் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார்கள். வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் உலகம் தப்பியது. நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் ஒருவர் தோளில் இவ்வளவு பாரம் ஏற்றியது நாம் எல்லாரும் செய்த தவறு. காஞ்சியிலோ விழுப்புரத்திலோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கிற இளைஞர்களையே முழு நேரமும் சர்வர் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர்களும் களைத்துப் போவார்கள். இந்த வேலைக்குச் சம்பளம் வேண்டும்.

ஆகவே காஞ்சிபுரத்துச் சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் நாளைக்கே விட வேண்டாம், வியாபாரம் அங்கே இருக்கிறது. அங்கே போடும் ஒவ்வொரு சேலைப் படமும் முதலில் சங்கத்தின் சொந்தத் தளத்தில் ஏறட்டும். நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயர், பாவு, ஊடை, ஜரிகை விவரம், புவிசார் குறியீட்டு எண்ணோடு ஏறட்டும். இன்ஸ்டாகிராமுக்கு அங்கிருந்து போகட்டும். வாடிக்கையாளர் பட்டியல் சங்கத்தின் கணினியில், வேறு எதிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பாக இருக்கட்டும். டிசைன் கோப்புகளுக்கு விஃப் போன்ற பொது வடிவத்தில் ஒரு படி எடுத்து வைக்கட்டும். நான்கைந்து சங்கங்கள் சேர்ந்தால் மாதம் சில ஆயிரம் ரூபாய் வாடகையில் ஒரு சர்வர் கிடைக்கும். லினக்ஸ் பயனர் குழுவில் பயின்ற பிள்ளைகளில் ஒருவரைச் சங்க ஊழியராகவே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நெசவாளி வீட்டுப் பிள்ளை ஊரைவிட்டுப் போகாமல் செய்யக்கூடிய வேலை அது. ஆக்டிவிட்டிபப் செருகுநிரலைச் சேர்த்தால் ஒவ்வொரு சங்கத்துக்கும் தன் பெயரில் ஒரு முகவரி கிடைக்கும். டொரன்டோவில் இருப்பவர் எந்த சர்வரில் இருந்தாலும் அதைப் பின்தொடரலாம்.

இன்னொன்று, முதல் வாரமே செய்ய வேண்டியது. தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதைக் கட்டிக்கொடுத்த பையனின் பேரில், அவனுடைய மின்னஞ்சலில் இருக்கும். அவன் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனால் அடுத்த வருடப் புதுப்பிப்புக் கடிதம் யாருக்கும் வராது. பெயர் காலாவதியாகும், வேறு எவரோ எடுத்துக்கொள்வார். அந்தப் பதிவைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லை இரண்டு நிர்வாகிகளிடம் கொடுத்து, புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.